சிங்காநல்லூர் மேக்

ஆர்.எஸ்.புரம்
20-8-1995

அன்புள்ள அண்ணனுக்கு,

பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் "பாத்தீங்களா, அவளே எறங்கி வந்துட்டா" என்று பட்டறையில் சொல்லிச் சிரிக்க வேண்டாம். நான் இறங்கவில்லை. எனக்குச் சில தகவல்கள் வேண்டும், அவ்வளவுதான்.

அன்றைக்கு நடந்ததை நீங்கள் வீட்டில் எப்படிச் சொல்லியிருப்பீர்கள் என்று தெரியும். அதனால் என் கணக்கையும் எழுதிவிடுகிறேன். எங்கள் கல்லூரி லேபில், டில்லியிலிருந்து வந்த நிபுணர் குழு நின்று பார்க்கிறது. நீங்கள் செய்துகொடுத்த எவர்சில்வர் சேம்பரை மூடி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்ச ஆரம்பித்தோம். கேஜ் முள் பாதி வழி போனது, நின்றுவிட்டது. எவ்வளவு உறிஞ்சினாலும் அதற்கு மேல் நகரவில்லை. "சேம்பர்ல எங்கியோ ஓட்டை இருக்குதுங்க சார்" என்று பேராசிரியர் ஜபருல்லாவிடம் சொன்னேன். அது என் வேலை. சொல்லித்தான் ஆக வேண்டும்.

அதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள்? அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று, "எங்க பட்டறைல இருந்து ஓட்டையோட ஒரு சாமானும் வெளிய போனதில்லீங்க. என் தங்கச்சிக்கு மாட்டத் தெரியலீங்க" என்றீர்கள். சார் நல்ல மனுஷர், அதை ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் வேறு மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டார். குழுவில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

வீட்டுக்கு வந்தும் விடவில்லை. "ஓட்டை எங்கேன்னு விரல் வெச்சுக் காட்டு. அதுவரைக்கும் உங்கூடப் பேச்சில்லை" என்றீர்கள். "காட்டிட்டுத்தான் இந்த ஊட்டு வாசப்படி மிதிப்பேன்" என்று நானும் சொன்னேன். அம்மா சாப்பிடக் கூப்பிடக் கூப்பிட ஹாஸ்டலுக்கு வந்துவிட்டேன். சொன்ன சொல்லில் இருவருமே நிற்போம், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

குழு கார்த்திகையில் மறுபடி வருகிறது. அதற்குள் சோலார் செல்லின் மேல் என் கரிப் படலம் ஒட்டி நிற்க வேண்டும், செல் முன்னைவிட அதிக மின்சாரம் தருவதைக் கண்ணால் காட்ட வேண்டும். இல்லையென்றால் இந்த ஆராய்ச்சியை வேறு ஊருக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். என் இத்தனை வருஷ உழைப்பும் அதோடு போகும். ஆகவே கேட்கிறேன்: சேம்பரை எப்படி டெஸ்ட் செய்தீர்கள்? எந்த வெல்டிங்கை யார் செய்தது? பதில் போடவும்.

உங்கள் தங்கை (அதில் மட்டும் மாற்றமில்லை),
சாந்தாமணி


சிங்காநல்லூர்
25-8-1995

அம்மணி சாந்தாமணிக்கு அண்ணன் பாலுசாமி எழுதுவது.

ஒரு பஸ் ஏறினால் வந்து சேருகிற தூரத்துக்குத் தபால். தபால்காரர் கேட்கிறார், "தங்கச்சி ஃபாரின் போயிட்டாங்களாங்க?" என்று. "ஆமாங்க, ஆர்.எஸ்.புரம் போயிருக்குது" என்றேன்.

டெஸ்டைப் பற்றிக் கேட்டாய். சேம்பரின் வாயை அடைத்து, உள்ளே கம்ப்ரஸரால் காற்றடித்து, நம் தண்ணீர் பம்புகளை டெஸ்ட் பண்ணும் தொட்டியில் அமுக்கினோம். ஒரு குமிழி வரவில்லை. வெளியே எடுத்து வெல்டிங் வாயெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவினோம். நுரை அசையாமல் உட்கார்ந்திருந்தது. வெல்டிங் செய்தது நரசிம்மலு. இந்த ஊரில் எவர்சில்வர் வெல்டிங்குக்கு அவரை மிஞ்ச ஆளில்லை என்று உனக்கும் தெரியும், மோட்டார் கம்பெனிக்காரர்களுக்கும் தெரியும். உள்பக்கத்தை நான் என் கையால் பாலிஷ் போட்டேன். முகம் பார்த்துத் தலை வாரலாம்.

எல்லாம் தேறிய பிறகுதான் நேம்பிளேட் அடித்தேன். டெஸ்டில் தேறாத எதற்கும் அம்மா பெயர் ஏறாது, அது அப்பா காலத்திலிருந்து நம் பட்டறைச் சட்டம். 'நாச்சியம்மாள் என்ஜினீயரிங் ஒர்க்ஸ், சிங்காநல்லூர்' என்று பித்தளையில் வெட்டி வாங்கி, மூலைக்கு ஒன்றாக ரிவெட் ஆணியும் நானே அடித்தேன். டில்லிக்காரர்கள் படிக்கட்டும் என்றுதான். அவர்கள் முன்னால் ஓட்டை என்கிறாய்.

ஊரில் எல்லோரும் கரியைத் தேய்த்துக் கழுவப் படாத பாடு படுகிறார்கள். நீ கரியைப் பூசுவதற்கு இத்தனை வருஷம் படித்திருக்கிறாய். அதுவும் நாங்கள் வெல்டிங்குக்கு வைத்திருக்கிற அதே அசிட்டிலின் கேஸிலிருந்து! இதற்கு எங்களிடம் கேட்டிருந்தால் புகைபோக்கியிலிருந்து ஒரு கூடை அள்ளிக் கொடுத்திருப்போமே.

இன்னொரு சேதி. பெருந்துறைப் பக்கம் எனக்குப் பார்த்த பெண் முடிவாகிவிட்டது. தையில் கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கூடப் பிறந்தவள் பக்கத்தில் நின்று செய்துகொள்கிற இணைச்சீருக்கு யாரை நிறுத்துவது என்று அம்மா கேட்கிறாள். பெரியப்பா மகளை நிறுத்தலாமா என்கிறாள். அதற்கு இப்போது என்ன அவசரம் என்று சொல்லியிருக்கிறேன்.

பாலுசாமி


ஆர்.எஸ்.புரம்
3-9-1995

அன்புள்ள அண்ணனுக்கு,

பெரியப்பா மகளையே நிறுத்துங்கள். அவளுக்கு எதையும் மாட்டவும் தெரிய வேண்டாம், கழற்றவும் தெரிய வேண்டாம். சேலை கட்டிக்கொண்டு நின்றால் போதும்.

இதை எழுதிவிட்டுக் கிழித்துப் போடலாமா என்று யோசித்தேன். கிழிக்கவில்லை. கோபம் இருக்கிறது, இருக்கட்டும்.

புகைபோக்கிக் கரி என்று கேலி செய்தீர்கள். கேலி செய்வதற்காவது விஷயம் தெரிந்திருக்க வேண்டாமா? சோலார் செல் என்பது சிலிக்கான் தகடு. அதைக் கையிலெடுத்துப் பார்த்தால் முகம் தெரியும். முகம் தெரிகிறதென்றால், விழுகிற வெயிலில் மூன்றில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளாமல் திருப்பி அனுப்புகிறது என்று பொருள். சும்மா கிடைக்கிற வெயில், அதையும் வாசலோடு திருப்பி அனுப்பினால் எப்படி? அதற்குத்தான் என் படலம். தலைமுடியின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அடுப்புக்கரி போல வெளிச்சத்தை அடைக்காது, கண்ணாடி போல உள்ளே விடும். கெட்டியில் வைரத்துக்குப் பக்கத்தில் வரும். சரியான தடிப்பில் படிந்துவிட்டால் செல்லில் முகம் தெரியாது. அத்தனை வெயிலும் உள்ளே போய்விடும்.

உங்கள் அசிட்டிலின் கேஸைக் காற்றில்லாத இடத்தில் விட்டு, மின்சாரத்தால் உடைத்து, அதிலிருக்கும் கரியை மட்டும் செல்லின் மேல் இறக்குகிறோம். காற்று கொஞ்சம் நுழைந்தாலும் போதும், அதிலிருக்கும் ஆக்சிஜன் கரியைத் தின்றுவிடும். இதுவரை வந்ததெல்லாம் பழுப்பாக, சொதசொதவென்று, பழைய சுவரில் சுண்ணாம்பு உரிவது போல் உரிந்து வந்தது. தொட்டியில் குமிழி வரவில்லை என்பது தண்ணீருக்குச் சரி. குமிழி விடாத அளவு நுண்ணிய ஓட்டையிலும் காற்று தாராளமாக நுழையும்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லக் கூடாது என்றிருந்தேன், நீங்கள்தான் சொல்ல வைக்கிறீர்கள். சேம்பரை வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரவழைக்கலாம் என்று ஜபருல்லா சார் முடிவு செய்து, கடிதம்கூட டைப் ஆகிவிட்டது. அப்போது அதைத் தடுத்தது நான். "கோயமுத்தூர்ல பொறந்துட்டு எவர்சில்வர் வேலைக்குக் கப்பலுக்குக் காத்திருக்கிறதாங்க சார்? எங்கண்ணன் செய்வாருங்க. நான் பொறுப்பு" என்று சொல்லி, அதையே எழுத்திலும் கொடுத்தேன். ஆகவே அந்தச் சேம்பரில் கசிவது உங்கள் பெயர் மட்டுமல்ல, என் வாக்கும்தான். அன்றைக்கு நீங்கள் எழுந்து நின்று என்னை மட்டம் தட்டியபோது, உங்களுக்காக வாக்குக் கொடுத்தவளைத்தான் மட்டம் தட்டினீர்கள்.

சாந்தாமணி


சிங்காநல்லூர்
12-9-1995

அம்மணிக்கு,

உன் கடிதத்தைக் கடைசிப் பத்திக்காக மறுபடி படித்தேன். இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருப்பேன். மூடிக்கொண்டிருப்பேனா என்று நரசிம்மலு கேட்கிறார். அவர் கிடக்கிறார்.

சேம்பரில் ஓட்டை இல்லை என்பதில் மாற்றமில்லை. ஆனாலும் நீ வாக்குக் கொடுத்த பிறகு அது என் வாக்கும்தான். நரசிம்மலுவிடம் மூடிக்குப் போட புது ரப்பர் வளையங்கள் கொடுத்தனுப்புகிறேன். மூடியின் முகத்தையும் லேத்தில் இன்னொரு தடவை பிடித்துச் சீராக்கித் தரச் சொல்லியிருக்கிறேன். உனக்கு எதன் மேல் சந்தேகமோ அதைக் கழற்று. எந்த வெல்டிங்கை வேண்டுமானாலும் உரசிப் பார். நரசிம்மலு கோபித்துக்கொள்ள மாட்டார், கொஞ்சம் முகத்தைத் தூக்குவார், காப்பி வாங்கிக் கொடு. நேம்பிளேட்டில் மட்டும் கீறல் விழாமல் பார்த்துக்கொள்.

கல்லூரியிலிருந்து திரும்பி வரும் நரசிம்மலு உன்னைப் பற்றி என்ன சொல்கிறார் என்று காத்திருப்பேன். எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை, பேச்சுத்தான் இல்லையே. அம்மா கேட்கிறாள்.

பெரியப்பா மகளிடம் இணைச்சீரைப் பற்றி யாரும் இன்னும் வாய் திறக்கவில்லை. அவள் அதற்குள் ஈரோட்டுக் கடைகளில் சேலை பார்க்க ஆரம்பித்துவிட்டாளாம், அதற்கு நான் என்ன செய்ய?

பாலுசாமி


ஆர்.எஸ்.புரம்
27-10-1995

அன்புள்ள அண்ணனுக்கு,

தீபாவளிக்கு நான் வராததில் அம்மாவுக்கு எவ்வளவு வருத்தம் என்று அவர்கள் கொடுத்தனுப்பிய முறுக்குத் தூக்குப் போசியின் கனத்திலேயே தெரிந்தது. ஹாஸ்டல் முழுக்கத் தின்றும் தீரவில்லை.

மறுநாள் சூரிய கிரகணம். ஹாஸ்டலில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். கல்லூரியும் வெறிச்சென்று கிடந்தது. எனக்கு அதுவே வசதி. யார் தொந்தரவும் இல்லாமல் சேம்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

புது வளையங்கள் போட்ட பிறகும் முள் அதே இடத்தில்தான் நின்றது என்பதை நரசிம்மலு சொல்லியிருப்பார். ஓட்டையைத் தேட எங்களிடம் ஒரு வழி இருக்கிறது. காற்றை உறிஞ்சும் பம்ப்பை ஓட விட்டபடியே, பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து ஒவ்வோர் இணைப்பாக வெளியே தடவுவோம். ஓட்டை இருக்கும் இடத்தில் ஸ்பிரிட் ஆவி உள்ளே போகும், கேஜ் முள் துள்ளும். நரசிம்மலுவின் வெல்டிங்கை அங்குலம் அங்குலமாகத் தடவினேன். முள் அசையவில்லை. மூடி, குழாய், கேஜ் மாட்டிய இடம், எதிலும் அசையவில்லை. வெறுத்துப்போய் பம்ப்பை நிறுத்தப் போனேன். பஞ்சில் மிச்சம் ஸ்பிரிட் இருந்தது. நேம்பிளேட்டில் தூசி படிந்திருந்தது. அம்மா பெயராயிற்றே என்று அதால் துடைத்தேன்.

முள் துள்ளியது.

கை தவறியிருக்கும் என்று மறுபடி தடவினேன். மறுபடி துள்ளியது. கீழே வலது மூலை ரிவெட், அண்ணா. பம்ப்பை நிறுத்தித் திறந்து, உள்சுவரில் கரி ஒட்டாமலிருக்க நாங்கள் செருகி வைத்திருக்கும் உறைத் தகட்டை உருவிப் பார்த்தேன். ரிவெட்டின் நுனி உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மற்ற மூலைகளிலும் அப்படியே. இத்தனை நாள் அந்த உறை மறைத்திருக்கிறது.

நான் எழுந்து குதித்திருக்க வேண்டும். விரல் வைத்துக் காட்டு என்றீர்களே, இதோ காட்டிவிட்டேன், ஜெயித்துவிட்டேன். ஆனால் ஸ்டூலில் உட்கார்ந்து அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுதேன் என்றால் சிரிப்பீர்கள். அழுதேன்.

சாரிடம் இன்னும் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். குழு வர அதிக நாள் இல்லை. பெயர்த் தகட்டை எடுத்துவிட்டுத் துளைகளை அடைக்க வேண்டும். ஆனால் அம்மா பெயரை உளி வைத்துப் பெயர்க்க என் கை வராது. என்ன செய்யட்டும்?

சாந்தாமணி


சிங்காநல்லூர்
30-10-1995
நரசிம்மலு மூலம்

அம்மணி,

படித்ததும் பட்டறையை விட்டுக் குளத்துப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

பம்புக்கு நேம்பிளேட் கடைசியில்தான் அடிப்போம். எப்போதும் அப்படித்தான். பம்பு வார்ப்பிரும்பு, சுவர் தடிப்பு. கண்ணை மூடிக்கொண்டு துளை போட்டாலும் அந்தப் பக்கம் எட்டாது. உன் சேம்பரோ மெல்லிய தகடு. பழகின கை பழகின மாதிரி அழுத்திவிட்டது. ட்ரில் சட்டென்று லேசானது எனக்குத் தெரிந்தது. ரிவெட் இறுக்கிக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன். தண்ணீராக இருந்தால் இறுக்கிக்கொண்டும் இருக்கும். இன்னொரு தடவை தொட்டியில் அமுக்கவில்லை. நேம்பிளேட் அடித்ததை யாராவது டெஸ்ட் பண்ணுவார்களா?

பட்டறையில் வேறு யார் இதைச் செய்திருந்தாலும் என்ன பேச்சுப் பேசியிருப்பேன் என்று நரசிம்மலுவுக்குத் தெரியும். அவர் எனக்கு ஒரு காப்பி வாங்கி வைத்துவிட்டுப் போனார். அதுதான் தாங்கவில்லை.

உளியைத் தொடாதே. ஞாயிற்றுக்கிழமை வெல்டிங் செட்டோடு நான் வாரேன். நானே அடித்ததை நானே எடுக்கிறேன்.

விரல் வைத்துக் காட்டினால்தான் கணக்கு. கடிதம் கணக்கில் வராது.

பாலுசாமி


ஆர்.எஸ்.புரம்
2-12-1995

அன்புள்ள அண்ணனுக்கு,

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நரசிம்மலுவின் தொண்டை சரியாகிவிட்டதா? பாவம், நாள் முழுக்க நம் இருவருக்கும் நடுவில் நின்று, "தங்கச்சிய லைட்டு புடிக்கச் சொல்றாருங்க", "அண்ணனைத் தள்ளி நிக்கச் சொல்லுதுங்க" என்று ஓய்ந்துபோனார். நான் ரிவெட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினேன். நீங்கள் தலையை ஆட்டினீர்கள். அப்போதாவது வாயைத் திறப்பீர்கள் என்று பார்த்தேன். நீங்களும் நான் திறப்பேன் என்று பார்த்தீர்கள். கடைசியில் பெயர்த் தகட்டைத் துடைத்து, கர்ச்சீப்பில் மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினீர்கள். படியிறங்கும்போது உங்கள் முதுகைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஆனாலும் கூப்பிடவில்லை. நம் குடும்பத்து ரோஷம் அப்படி.

இப்போது சேதிக்கு வருகிறேன். நீங்கள் துளைகளை அடைத்துவிட்டுப் போனதும் பம்ப்பைப் போட்டேன். முள் பழைய இடத்துக்கு வந்தது, நிற்கவில்லை, தாண்டிப் போனது. கடைசிக் கோடு வரைக்கும் போய் ஜம்மென்று உட்கார்ந்தது. காலையில் வந்து பார்த்தாலும் அங்கேயே.

அடுத்த வாரமே நல்ல படலம் படிந்தது. ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க அதன் மேல் செலோ டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று பிடுங்குவோம். முன்பெல்லாம் டேப்போடு மொத்தமும் வந்துவிடும். இந்த முறை டேப் வெறுமையாக வந்தது. இன்னொரு டேப், இன்னொன்று. படலம் அசையவில்லை. செல்லைத் திருப்பிப் பார்த்தேன், கத்திரிப்பூ நிறத்தில் இருந்தது. அதில் என் முகம் தெரியவில்லை, அண்ணா! முகம் தெரியாததற்கு யாராவது இப்படிச் சந்தோஷப்படுவார்களா?

நேற்று குழு வந்தது. மொட்டை மாடியில் வெயிலில் இரண்டு செல்களை வைத்தோம், ஒன்று வெறும் செல், மற்றது என்னுடையது. வெறும் செல் நூறு கொடுத்த இடத்தில் என்னுடையது நூற்று முப்பதுக்கு மேல் கொடுத்தது. அவர்கள் நம்பாமல் செல்களை இடம் மாற்றி வைத்துப் பார்த்தார்கள். மீட்டர் முள்ளும் செல்லோடு சேர்ந்து மாறி நின்றது. அன்றைக்குச் சிரித்தவர்களில் ஒருவர், வயதானவர், தலைப்பாகை கட்டியவர், டேப்பை வாங்கித் தானே ஒட்டிப் பிடுங்கிப் பார்த்தார். பிறகு லேபுக்குள் வந்து சேம்பரைச் சுற்றிச் சுற்றி வந்தார். புதிதாக ஒன்று வாங்கிவிட்டோம் என்று நினைத்துவிட்டார் போல. "எந்த நாட்டு மேக்?" என்று கேட்டார்.

"சிங்காநல்லூர் மேக்" என்றேன்.

அது எங்கே இருக்கிறது என்று கேட்டார். ஜன்னலைத் திறந்து கிழக்கே கை காட்டினேன். "அதோ, மில் தாண்டி, குளம் தாண்டி, எங்கள் வீடு" என்றேன். அதைச் சொன்னபோது எனக்கு இருந்த பெருமையை எந்தப் பட்டம் வாங்கினாலும் இனி நான் அனுபவிக்கப் போவதில்லை. அன்றைக்குக் கசிந்த அதே சேம்பர்தான் என்றும் சொன்னேன். பெயர்ப் பலகை இருந்த இடத்தில் ஏன் வெல்டிங் தழும்பு என்று கேட்டார். "பெயர் வைத்த தழும்பு" என்று நடந்ததைச் சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தார். இந்தச் சிரிப்பு வலிக்கவில்லை.

ஆராய்ச்சி இங்கேயே தொடரும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவர் தன் லேபுக்கும் இதேபோல் ஒரு சேம்பர் வேண்டும் என்கிறார், உங்களுக்குக் கடிதம் வரும். ஜபருல்லா சார் என்னிடம் வந்து, "அன்னைக்கு உங்கண்ணன் சொன்னதை நான் இங்கிலீஷ்ல சொன்னேன் பாரும்மா, அதை வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றார். சொன்னவரும் வாபஸ் வாங்கினால் தேவலை.

சாந்தாமணி


சிங்காநல்லூர்
12-12-1995

அம்மணிக்கு,

உன் கடிதத்தை முதலில் பட்டறையில் சத்தமாகப் படித்தேன். லேத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். நூற்று முப்பது என்ற இடத்தில் நரசிம்மலு கை தட்டினார். 'சிங்காநல்லூர் மேக்' என்ற இடத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை, அவரே வாங்கிப் படித்தார். எதிர்ப் பட்டறைக்காரர்கள் என்ன விசேஷம் என்று எட்டிப் பார்த்தார்கள். "எந்தங்கச்சி வெயிலை வளைச்சுப் புடிச்சுட்டாளுங்க" என்றேன். ஜிலேபி வாங்கி ரெண்டு பட்டறைக்கும் கொடுத்தோம்.

தலைப்பாகைக்காரரின் கடிதமும் வந்துவிட்டது. தகடு வாங்க ஆள் அனுப்பிவிட்டேன். இதற்கு நேம்பிளேட் கிடையாது. ஸ்டாண்டில் வேண்டுமானால் அடிக்கலாமே என்று நரசிம்மலு சொல்கிறார். எனக்கு ட்ரில்லைக் கையில் எடுக்கவே கூசுகிறது.

ஆனால் வீட்டில் ஒரு சங்கடம். அந்தப் பெயர்த் தகட்டைத் தினமும் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தவன், போன வாரம் கர்ச்சீப்போடு சட்டையைத் துவைக்கப் போட்டுவிட்டேன். அம்மா பையில் கை விட்டிருக்கிறாள். தகடு கிடைத்துவிட்டது. "எம் பேரை எதுக்குப் புடுங்குனீங்க?" என்று கேட்டாள். ஏதேதோ சொல்லி மழுப்பினேன், நரசிம்மலு உளறிக் கொட்டிவிட்டார். அம்மா கோபித்துக்கொண்டிருந்தால் சமாளித்திருப்பேன். கோபிக்கவில்லை. "எம் பேருனாலதான் கசிஞ்சுதா கண்ணு?" என்று மட்டும் கேட்டாள். அப்பா முதல் பம்பு செய்து முடித்த அன்றைக்கு இந்தப் பெயரை வைத்தபோது, தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவள் அவள். தகட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டாள். பட்டறைப் பக்கமே வருவதில்லை. கல்யாண வேலை நடக்கிறது, முகத்தில் களையில்லை.

உன் பெயர் அவள் பெயர் எல்லாம் ஜெயித்த சமயத்தில் இப்படி ஆகிவிட்டது. எனக்கு வழி தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது.

பாலுசாமி


ஆர்.எஸ்.புரம்
6-1-1996

அன்புள்ள அண்ணனுக்கு,

இத்துடன் ஒரு தாள் இணைத்திருக்கிறேன். கசங்காமல் அம்மாவிடம் கொடுக்கவும்.

மாசியில் நடக்கும் கருத்தரங்கு மலரில் எங்கள் கட்டுரை வருகிறது. அதன் அச்சுப் பிரதி திருத்துவதற்காக வந்திருக்கிறது. இதுபோன்ற கட்டுரையில், எந்தக் கருவியை வைத்து வேலை செய்தோம், அதை யார் செய்தது என்று எழுதியே ஆக வேண்டும். இந்தக் கரிப் படலத்தை உலகத்தில் வேறு யாராவது செய்து பார்க்க வேண்டுமென்றால், அந்த இடத்தைப் படிக்காமல் மேலே போக முடியாது. பெரிய கம்பெனிகளின் பெயர்தான் வழக்கமாக அங்கே இருக்கும். இரண்டாம் பக்கத்தில் நான் சிவப்பு மையால் கோடு போட்டிருக்கும் இங்கிலீஷ் வரியைப் பாருங்கள், தமிழில் இப்படி வரும்: 'இந்த ஆய்வுக்கான வெற்றிடச் சேம்பரை வடிவமைத்துச் செய்தவர்கள்: நாச்சியம்மாள் என்ஜினீயரிங் ஒர்க்ஸ், சிங்காநல்லூர், கோயம்புத்தூர்.' ஜபருல்லா சார் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. ஊர்ப் பெயரில் எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கொடுத்தார்.

அம்மாவிடம் சொல்லுங்கள். அவர்கள் பெயரால் எதுவும் கசியவில்லை. அதை அடித்த இடம்தான் தப்பு. இது சரியான இடம். இதற்கு ரிவெட்டும் வேண்டாம், துளையும் விழாது.

ஓட்டையை விரல் வைத்துக் காட்டிவிட்டதால் வாசப்படி மிதிக்க எனக்குத் தடையில்லை. ஆனால் யாரும் இன்னும் வாவென்று கூப்பிடவில்லை. பெரியப்பா மகள் சேலை எடுத்துவிட்டாளா?

சாந்தாமணி


சிங்காநல்லூர்
22-1-1996

அம்மணி சாந்தாமணிக்கு,

பெரியப்பா மகள் சேலை எடுத்துவிட்டாள். எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு கூட்டத்தில் நிற்கட்டும். இணைச்சீருக்கு நீதான். பத்திரிகையில் உன் பெயரைப் பட்டத்தோடு போட்டிருக்கிறேன், இத்துடன் வைத்திருக்கிறேன். பட்டம் போட்டதில் எழுத்துப் பிழை இருந்தால் இப்போதே சண்டைக்கு வராதே, கல்யாணம் முடியட்டும்.

தாளை அம்மாவிடம் கொடுத்தேன். அவளுக்கு இங்கிலீஷ் எழுத்துத் தெரியாது. "இதுல எதுடா எம் பேரு?" என்று கேட்டாள். காட்டினேன். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் விரலால் தடவிப் பார்த்தாள்.

"இதையும் நாளைக்கு யாராச்சும் புடுங்கிப்போடுவாங்களா?"

"யாராலயும் முடியாதும்மா."

"இதையெழுதுனது யாரு, நம்ம அம்மணியா?"

"ஆமாம்மா."

"சேரி. அப்ப அந்தப் பித்தளைய நீயே வெச்சுக்கோ" என்று சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டாள். மறுநாள் காலையில் பட்டறைக்கு வந்தாள். புது சேம்பரைத் தட்டிப் பார்த்து, "இதை எல்லா வேலையும் முடிஞ்ச பொறகு இன்னொருக்கா டெஸ்ட் பண்ணிக்கோங்க" என்று நரசிம்மலுவுக்குச் சொல்லிவிட்டுப் போனாள். இப்போது வருகிற உறவுக்காரர்களுக்கெல்லாம் காப்பி கொடுப்பதற்கு முன்னால் அந்தத் தாளைத்தான் காட்டுகிறாள்.

முகூர்த்தம் வியாழக்கிழமை. நீ புதன்கிழமை மத்தியானமே வந்துரு. பஸ் ஸ்டாண்டில் நானே நிற்பேன், ஆனால் அங்கே பேச மாட்டேன். வழியிலும் பேச மாட்டேன். இதில் ரோஷம் ஒன்றும் இல்லை, காரணம் வேறு. உன்னை நான் மட்டம் தட்டியது நாலு சுவருக்குள் இல்லை, சபையில். அதைத் திருப்பி வாங்குவதும் சபையில்தான் நடக்க வேண்டும். இணைச்சீருக்கு நீ பக்கத்தில் வந்து நின்றதும் மேளத்தை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். ஜபருல்லா சாருக்கும் பத்திரிகை வைத்துவிட்டேன். நான் சொல்வதை அவர் வேண்டுமானால் இங்கிலீஷிலும் சொல்லட்டும்.

என்ன சொல்லப் போகிறேன் என்று இப்போதே எழுதிவிடுகிறேன். அங்கே கேட்டு அழுது பொட்டைக் கலைத்துக்கொள்ளாதே, போட்டோக்காரர் இருப்பார்.

"ஓட்டை என்னுதுங்க. அதைக் கண்டுபுடிச்சது என் தங்கச்சிங்க."

அண்ணன்,
பாலுசாமி